அவசரம் லேதுங்க

பேட்டரி வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவது அத்தனையும் ஓட்டுகிறவர் காதில் விழுந்து தொலைக்கும். டீசல் ஆட்டோவில் இந்தத் தொல்லை இல்லை. அது போடுகிற சத்தத்தில் பின்னால் கொலையே நடந்தாலும் தெரியாது. மாசாணியம்மாளின் வண்டியோ பூனை நடக்கிற மாதிரி போகும். மாமியாரைக் கரித்துக் கொட்டுகிறவர்கள், போனில் பொய் சொல்கிறவர்கள், ஒருவருக்கொருவர் பேசாமலே ஊர் முழுக்கச் சுற்றுகிற புருசன் பெண்டாட்டி என்று எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது. காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரவா முடியும்?

இந்த வண்டிக்கு வரும்முன் அவள் சித்தாள். கலவைச் சட்டி சுமந்து சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்துபோனது. "இனிமேல் தலையில் பூவைத் தவிர வேறெதையும் வைக்காதே" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படித்து, லைசென்சும் எடுத்தாள். கோயமுத்தூரின் பழைய வீதிகளைத் தனி வண்டியில் சுற்றிக் காட்டும் கம்பெனி ஒன்றில் இப்போது வேலை. கழுத்து வலி போகவில்லை. ஆனால் உட்கார்ந்தபடி வலிக்கிறது, அது ஒரு சௌகரியம்.

ஒரு நாள் சாயங்காலம், மறுநாளைக்கு வண்டி பேசியிருந்த பையன் ரவிதேஜா போனில் கூப்பிட்டான்.

"அக்கா, நாளைக்கு நீங்க சுத்திக் காட்டப்போறது ஊரை இல்லீங்க. எங்கப்பாவை."

"அவரை எதுக்குங்க தம்பி சுத்திக் காட்டோணும்? தொலைஞ்சு போயிட்டாருங்களா?"

அவன் சிரித்துவிட்டு விசயத்தைச் சொன்னான். பெங்களூரில் அவனோடு வேலை பார்க்கும் ஹாரிகா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். அவளும்தான். பெண்ணைப் பெற்றவர்கள் விஜயவாடாக்காரர்கள். "தெலுங்குக்காரங்கன்னு சொல்றே, ஆனா அவங்க அரவத்துக்காரங்க மாதிரில்ல இருக்காங்க" என்று இழுக்கிறார்களாம். அரவம் என்றால் அவர்கள் ஊரில் தமிழ். ஆளையும் ஊரையும் கண்ணால் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்வதாக வந்திருக்கிறார்கள்.

"அவங்க வேண்டாம்னுட்டா ஹாரிகா மீற மாட்டா அக்கா. வீட்டுல உக்கார வெச்சா எங்கப்பா மோட்டார் பம்பைப் பத்தியே பேசுவாரு. வெளியில சுத்துனாக் கொஞ்சம் மனுசனா இருப்பாரு. நான் கூட வந்தா அவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்கன்னு அம்மா சொல்லிட்டாங்க. நீங்கதான் பாத்துக்கணும்."

"நான் வண்டியத்தானுங்க தம்பி பாத்துக்க முடியும்" என்றாள். ஆனாலும் அந்தக் குரல் ராத்திரி படுக்கிற வரைக்கும் காதிலேயே கிடந்தது.

காலையில் ரயில் நிலையத்துப் பக்கத்து ஓட்டலில் மூன்று பேரும் ஏறினார்கள். ரவிதேஜாவின் அப்பா திருமலைசாமி பீளமேட்டில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை. எதிர் சீட்டில் பெண்ணின் அப்பா லட்சுமிநாராயணாவும் அவர் சம்சாரமும். அந்தம்மாவுக்கு முட்டி வலி. வண்டிப் படி உயரம் என்பதால் கைப்பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மடியில் ஒரு இனிப்புப் பெட்டி. கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக இருக்குமே, அந்தப் பூதரேக்குலு. சம்பந்தி வீட்டுக்கென்று ஊரிலிருந்து கொண்டு வந்தது.

மணிக்கூண்டைச் சுற்றி ராஜ வீதிக்குள் வண்டி நுழைந்தது. மாசாணியம்மாள் இது இன்னது அது இன்னது என்று தமிழில் சொல்லச் சொல்ல, திருமலைசாமி அதைத் தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் தெலுங்கு இருக்கிறதே, பாதி தமிழ். போதாததற்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் கடைசியில் நம்மூர் 'ங்க'வை ஒட்டிவிடுவார். வந்தாருங்க, பாருங்க என்பதற்குச் சூடுங்க, இல்லீங்க என்பதற்கு லேதுங்க. எங்கள் முன்னோர் வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, ஆனாலும் வீட்டில் தெலுங்குதான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எதிரில் இருந்த இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை. குழந்தை பேசினால் சிரிப்போமே, அது. நல்லாப் பேசறீங்க என்பதை லட்சுமிநாராயணா ஒரு தடவை "பாக மாட்லாடுதாருங்க" என்று அவர் மாதிரியே பேசிக் காட்ட, திருமலைசாமியும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மாசாணியம்மாளுக்கு அவர் பேசியது எல்லாம் புரிந்தது. துடியலூர்ப் பக்கம் ஒரு நாயக்கர் தோட்டத்தில் அம்மா களை வெட்ட, வரப்பில் கிடந்து வளர்ந்தவள். அந்தத் தெலுங்கு அவள் காதில் தண்ணீர் மாதிரி ஏறியிருந்தது. ஆனால் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் தெலுங்கில் சொல்வார்கள், இவர்கள் தமிழில் "சரிங்க" என்பார்கள். அப்படியே பழகிவிட்டது.

உக்கடம் பெரியகுளத்துக் கரையில் வண்டியை நிறுத்தினாள். காற்று நன்றாக வந்தது. அந்தம்மா இனிப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தார். லட்சுமிநாராயணா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"பெள்ளி எப்புடு பெட்டுகுந்தாம்?"

கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம். மாசாணியம்மாளுக்கே நெஞ்சு குளிர்ந்துபோனது. அடேயப்பா, பையனுக்கு அடிச்சது யோகம்!

திருமலைசாமி குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டுச் சொன்னார்: "பெள்ளிக்கி அவசரம் லேதுங்க."

அப்புறம், அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "மாக்கு ஒக்க அவசரமும் லேதுங்க" என்று இன்னொரு தரமும் சொன்னார்.

நல்ல மனுசன் என்று மாசாணியம்மாள் நினைத்துக்கொண்டாள். பெண் வீட்டாரை நெருக்காமல், உங்கள் சௌகரியம் போலச் செய்யுங்கள், எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்று எத்தனை மாப்பிள்ளை வீட்டார் சொல்வார்கள்?

ஆனால் இனிப்புப் பெட்டி மூடிக்கொண்டது. அந்தம்மா முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். லட்சுமிநாராயணாவின் முகம் சுண்டிப்போனது. பிறகு அவர், தலை வலிக்கிறது, சாப்பாட்டுக்கு வர முடியாது, ஓட்டலில் விட்டுவிட்டால் போதும் என்றார்.

"ஐயோ, சமையல் எல்லாம் ஆயிட்டிருக்குதே!" திருமலைசாமி பதறிப் போனார். அவர் இறங்கி முன்னால் வந்து, மாசாணியம்மாளிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏனம்மிணி, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிப்போட்டனா?"

"நல்லாத்தானுங்கய்யா பேசுனீங்க. அவசரமில்லைன்னுதான சொன்னீங்க?"

"அதத்தான சொன்னேன்! மோட்டாரப் பத்தி வாயே தொறக்கலியே!" அவர் கண்கள் கலங்கியிருந்தன. "ஒருவேளை பையனைப் புடிக்கலியோ? ஊரு புடிக்கலியோ?"

இதற்குள் ரவிதேஜாவின் போன். மாசாணியம்மாள் நாலடி தள்ளிப் போய் எடுத்தாள்.

"அக்கா, என்னக்கா நடந்துச்சு? இன்னிக்கே ரயிலுக்குக் கெளம்பறோம்னு ஹாரிகாவுக்கு மெசேஜ் போட்டிருக்காங்க. ஏன்னு கேட்டா, வந்து சொல்றோம்ங்கறாங்களாம். அவ ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு அழுதுட்டிருக்கா. எங்கப்பா என்ன சொன்னாரு?"

"கல்யாணத்துக்கு அவசரமில்லைன்னாருங்க தம்பி. வேற ஒண்ணுமில்லை."

"அதுல என்ன இருக்கு?"

"அதானுங்க எனக்கும் தெரியல."

"அக்கா, நேரா ஓட்டலுக்குக் கொண்டு போயிராதீங்க. கொஞ்சம் சுத்தி ஓட்டுங்க. நான் வீட்டுல இருந்து இப்பவே கெளம்பி வாரேன்."

சுற்றி ஓட்டுவது அவளுக்குப் பெரிய வேலையில்லை. கோயமுத்தூரில் பாதி வீதி ஒருவழி. மீதி தோண்டிக் கிடக்கும். ஆனால் எவ்வளவு நேரம்? கண்ணாடியில் பார்த்தால் பின்னால் மூன்று முகமும் இழவு வீட்டுக்குப் போகிற முகமாக இருந்தன. அவள் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"ஏனுங்கய்யா, ஊருக்கு வந்துட்டு கோனியம்மனைக் கும்பிடாமப் போகக் கூடாதுங்க. வழியிலதான் கோயிலு."

திருமலைசாமி தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். சாமி விசயம் என்பதால் அந்தம்மா தலையசைத்தார்.

மூன்று பேரும் போய்க் கும்பிட்டு வந்தார்கள். வரும்போது அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். மகளுக்காக அழுகிறார் என்று மாசாணியம்மாளுக்குத் தெரிந்தது. எதற்காக அழ வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

வீதி நெரிசலாக இருந்தது. வண்டிக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்று, வீதியே அதிர ஹாரன் அடித்தது. அந்தம்மா மிரண்டு போய் முட்டி வலியோடு அவசர அவசரமாகப் படியில் காலை வைத்தார். கால் வழுக்கியது. மாசாணியம்மாள் பாய்ந்து வந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். இந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாதே என்ற தவிப்பில், இத்தனை வருசம் காதோடு வைத்திருந்த தெலுங்கு வாய்க்கு வந்துவிட்டது.

"அவசரம் லேதம்மா! அவசரம் லேது!"

அந்தம்மா வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார். முகம் சிவந்து போனது. புருசனைப் பார்த்துத் தெலுங்கில் பொரிந்து தள்ளினார். பேச்சு வேகமாக இருந்தாலும் மாசாணியம்மாளுக்கு முக்கால்வாசி பிடிபட்டது. சம்பந்திக்குக் கல்யாணத்துக்கு அவசரம் லேதாம். இப்ப வண்டிக்காரிக்கு நாம ஏறவும் அவசரம் லேதாம். என்ன ஊருங்க இது?

அவசரமில்லை என்றதற்கு எதற்கு இத்தனை கோபம் என்று மாசாணியம்மாளுக்கு விளங்கவில்லை. சரியாகச் சொல்லவில்லையோ என்று இன்னும் சத்தமாக, "அவசரம் லேதம்மா, அவசரம் லேது" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கையால் அந்தம்மாவை வண்டிக்குள் ஏற்றினாள். மறு கையைக் காற்றில் மேலும் கீழும் அமுக்கி, மெதுவா, மெதுவா என்று காட்டினாள். அந்தம்மா கேட்ட வரையில் வாய் வேண்டாம் என்கிறது. கை ஏறு என்கிறது. அந்தம்மா பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று விழித்தார்.

லட்சுமிநாராயணா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருமலைசாமி பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். உங்க ஊர்ல அவசரம்னா என்ன?

"அவசரம்னா... அவசரந்தானுங்க!" திருமலைசாமிக்கு இதை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடுகிறவர் மாதிரி நின்ற இடத்திலேயே நாலு எட்டு ஓடிக் காட்டினார்.

"தொந்தரா?" என்றார் லட்சுமிநாராயணா.

"சேச்சே! எனக்கென்னங்க தொந்தரவு? ஒரு தொந்தரவும் இல்லீங்க!"

லட்சுமிநாராயணா தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று திருமலைசாமி பயந்து போனார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே விளக்கினார். எங்க ஊர்ல அவசரம்னா தேவை. நீங்க சொல்ற அவசரத்துக்கு எங்க ஊர்ல தொந்தர. குளத்தங்கரையில் நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? கல்யாணம் தேவையில்லை. எங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. கும்பிட்டு வேற சொன்னீங்க!

திருமலைசாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. "அட கடவுளே, ரெண்டு தரம் சொன்னனே" என்று மட்டும் தமிழில் சொன்னார். பிறகு மாசாணியம்மாளைப் பார்த்தார்.

"அம்மிணி, உனக்குத் தெலுங்கு தெரியுமா?"

"உங்க தெலுங்கு தெரியுமுங்க. அவங்க தெலுங்கு தெரியாதுங்க."

"எனக்கும் அதே கதிதான் அம்மிணி."

பின்னால் பஸ்காரர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஏனுங்க, ஊட்டு விசேசத்தை ஓரமா வெச்சுப் பேசப்படாதுங்களா?" என்று கத்தினார். திருமலைசாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. இனி எந்த வார்த்தையில் எந்தக் குழி இருக்குமோ என்று அவருக்கு நடுங்கியது போல. வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். கடைசியில் பொடிக் குழந்தைகூடத் தப்பு செய்ய முடியாத வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்து, அந்தம்மாவைப் பார்த்து, வீதிக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"மாக்கு மீ பில்ல காவாலி!"

எங்களுக்கு உங்க பொண்ணு வேணும். அவ்வளவுதான். கோயில் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த பொம்பளை சடக்கென்று நிமிர்ந்தாள்.

"யாரைங்கக்கா அவரு காவாலிங்கறாரு?"

"திட்டலம்மிணி. பொண்ணு கேக்கறாரு" என்றாள் மாசாணியம்மாள்.

"இப்பிடியா கேப்பாங்க!"

அந்தம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மாசாணியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறி உட்கார்ந்தார். புருசன் பக்கத்தில் ஏறியதும் அவர் இடுப்பில் முழங்கையால் ஒரு இடி இடித்து, "ஜரகண்டி" என்றார். திருப்பதிக்குப் போன யாருக்கும் இந்த வார்த்தையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. லட்சுமிநாராயணா ஓரமாக ஒட்டிக்கொண்டார். எதிர் சீட்டுக்குப் போகப் பார்த்த திருமலைசாமியை அந்தம்மா கையசைத்துக் கூப்பிட்டு, இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆளாக உட்கார வைத்தார். எதிர் சீட்டு காலியாகவே கிடந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாசாணியம்மாள் அதைக் கண்டுகொள்ளாமல் ரவிதேஜாவைப் போனில் கூப்பிட்டு, "எல்லாம் சரியாப் போச்சுங்க தம்பி, நீங்க வர வேண்டாம், நாங்களே ஊட்டுக்கு வாரோம்" என்றாள்.

வண்டி பீளமேட்டுப் பக்கம் கிளம்பியது. கொஞ்ச தூரம் போவதற்குள் மாசியிலேயே வைத்துவிடலாம் என்று திருமலைசாமி சொல்ல, மாசியென்றால் எங்க ஊர் மாசத்தில் மாகமா பால்குணமா என்று அந்தம்மா கேட்க, லட்சுமிநாராயணா இரண்டுமில்லை என்க, சண்டை பிடித்துக்கொண்டது.

"அம்மிணி, நீ சொல்லு, மாசின்னா எது?"

"நம்ம கோனியம்மன் தேரு ஓடற மாசமுங்கய்யா."

"கேட்டீங்களா!" என்றார் திருமலைசாமி, அதிலேயே எல்லாம் தீர்ந்துபோன மாதிரி. அவர்களுக்கு அது இன்னும் குழப்பமாகிவிட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் விரலை மடக்கி மடக்கி மாசம் எண்ண ஆரம்பித்தார்கள். பூனை நடக்கிற மாதிரி போகிற வண்டிக்குள் இத்தனை சத்தம் வருவதைப் பார்த்து, சிக்னலில் நின்ற ஸ்கூட்டர்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.