இருநூற்று நாற்பது கிலோ மரியாதை

யாமினியின் கணக்கில் அந்தத் தூலம் தாங்க வேண்டியவை மூன்றுதான். மேலே பரப்பிய ஓடு, ஓட்டின் மேல் விழும் மழை, ஓடு உடைந்தால் மாற்ற ஏறும் ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்கு எண்பது கிலோ போட்டிருந்தாள். அவர் கையில் நாலு ஓடு இருக்குமே என்று அதையும் சேர்த்திருந்தாள். இவ்வளவு யோசித்தவளுக்கு ஒரு மாலை வந்து தொங்கும் என்று தோன்றாமல் போய்விட்டது.

திறப்பு விழா அன்று காலை எட்டரைக்கு, சித்தூருக்கு வெளியே புத்தூர் ரோட்டில், அவள் நகரி பஸ்ஸை விட்டு இறங்கினாள். அவள் கட்டிய பயணியர் நிழற்குடைக்கு எதிரே ஒரு மினி லாரி நின்றிருந்தது. எட்டுப் பேர் அதிலிருந்து எதையோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். மலைப்பாம்பு என்றுதான் முதலில் நினைத்தாள். ரோஜாவும் சாமந்தியும் கட்டி, நடுநடுவே ஆப்பிளும் மாதுளையும் கோத்த கஜமாலை. திறந்துவைக்க வரும் பயணியர் நல வாரியத்தின் சேர்மனுக்கு. வழக்கமாக இந்த மாலையைக் கிரேன்தான் தூக்கிப் பிடிக்கும். சாலைக்கு மேலே கரண்ட் கம்பி போனதால் கிரேன்காரர் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். சேர்மனின் காரியதரிசி கிரண்குமார் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லையாம். இவ்வளவு பெரிய நிழற்குடை இருக்கும்போது கிரேன் எதற்கு, தூலத்திலேயே மாட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

“எவ்ளோ வெயிட்டு?” என்று பூக்காரரிடம் கேட்டாள்.

“இருநூத்தி நாப்பது கிலோ மேடம். போன தடவை மந்திரிக்கே இருநூறுதான்” என்றார் அவர் பெருமையாக.

யாமினி அண்ணாந்து தூலத்தைப் பார்த்தாள்.

திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் கட்டிடக்கலை ஐந்தாம் வருஷம். நிழற்குடைதான் அவளுடைய கடைசி வருஷ ஆய்வு வேலை. அதிலுள்ள ஒவ்வொன்றும் யாரோ வேண்டாமென்று தள்ளியது. ஓடு, இடித்த பள்ளிக்கூடத்து ஓடு. தரை, கிரானைட் பட்டறைகளில் மிஞ்சிய துண்டு. தூண்கள், நகரியில் எடைக்குப் போன விசைத்தறிகளில் பாவு சுற்றிக்கொண்டிருந்த இரும்பு உருளைகள். தானும் விசைத்தறி ஓட்டுகிற அவள் நைனா, பழைய இரும்புக் கடைத் தராசிலிருந்தே அவற்றை இறக்கி வாங்கி வந்தார். தூலம், மூடிப்போன ஒரு ரைஸ் மில்லின் தேக்கு. ஐந்தரை மீட்டர் வேண்டியிருந்தது. கிடைத்ததோ இரண்டு துண்டு. தச்சர் கோவர்த்தனன் இரண்டையும் சாய்வாகச் சீவிப் பொருத்தி, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து ஆறு போல்ட் முடுக்கினார். தூலத்தின் நடுவில் ஒட்டு வரக்கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. கிடைத்த மரத்துக்குப் பாடம் தெரியவில்லை. ஒட்டு சரியாக நடுவில் வந்தது. கிரண்குமாரின் ஆட்கள் மாலைக்குத் தேர்ந்தெடுத்த இடமும் சரியாக நடுதான், போட்டோவுக்கு அழகாக இருக்குமென்று.

நிழற்குடையில் புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்று, கல்வெட்டு. கண்ணாடி மாதிரி பளபளத்த கறுப்புக் கல்லில் பதினோரு பெயர்கள். மூன்றாவது பெயர் துறைத் தலைவர் சடகோபன். கடைசி வரி, ‘மற்றும் மாணவர்கள்’. சடகோபன் முதல் ஆறு மாதம் இந்த வேலையைக் காயலான் கடை என்று சொன்னவர். தெலுங்குப் பேப்பரில் படம் வந்த மறுநாளிலிருந்து, ‘நமது தத்துவம்’ என்று சொல்ல ஆரம்பித்தார்.

அவர் பட்டு ஜிப்பாவில், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில், பேச வேண்டியதை உதடு அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாமினி மூச்சு வாங்க அவரிடம் சொன்னாள். நடுவில் நூற்றிருபது கிலோவுக்கு மேல் கூடாது. அதிலும் கப்பி போட்டு இழுக்கிறார்கள். இழுக்கும்போது மாலையின் எடையும் இழுப்பவர்களின் விசையும் சேர்ந்து தூலத்துக்கு இரட்டிப்பாகும். அதற்குக் கீழே பெஞ்சில் மகளிர் குழுப் பெண்களை உட்கார வைக்கப் போகிறார்கள்.

சடகோபன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஃபேக்டர் ஆஃப் சேஃப்டின்னு கொஞ்சம் கூடுதல் பலம் எதுக்கும்மா வச்சிருக்கோம்? இந்த மாதிரி நாளுக்குத்தானே?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வியாழக்கிழமை அவளுடைய ஆய்வு வேலைக்கு மார்க் போடும் ஜூரி என்பதையும், இன்றைக்குச் சேர்மனின் மனசு நோகக்கூடாது என்பதையும், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போல அடுத்தடுத்துச் சொன்னார்.

கிரண்குமாரிடம் தெலுங்கில் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஒரு போன், கையில் ஒரு போன். “பூலே கதம்மா” என்றார். பூதானேம்மா என்று அதற்கு அர்த்தம். சவுக்குக் கம்பு இரண்டு முட்டுக்கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, போட்டோவில் கம்பு விழும் என்று மறுத்துவிட்டார்.

அதற்குள் மாலை ஏற ஆரம்பித்தது. நாலு பேர் கயிற்றை இழுத்து ஓரத் தூணில் கட்டினார்கள். தூலம் ஒரு தடவை முனகியது. மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கோவர்த்தனனுக்குக் கேட்டது. பெஞ்சுமேல் ஏறி ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, அவளைக் கண்ணால் கூப்பிட்டார்.

“இன்னா பாப்பா இது. அடியில வாயத் தொறக்குது பாரு.”

அவளும் ஏறினாள். கையில் காலையில் வாங்கிய பஸ் டிக்கெட் இருந்தது. போன வாரம் இதே ஒட்டில் இதே மாதிரி ஒரு டிக்கெட்டைச் செருகிப் பார்த்து, நுனிகூட நுழையவில்லை என்று கோவர்த்தனனைப் பாராட்டியிருந்தாள். இன்றைக்கு டிக்கெட் பாதி வரை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் சேர்மன் வந்துவிடுவார் என்று மைக்கில் சொன்னார்கள். ஒரே நிறப் புடவையில் மகளிர் குழுப் பெண்கள் வரிசையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் எண்ணினாள். இருபத்தாறு பேர். நிழல் நல்லா இருக்குது என்று ஒரு அம்மா சொன்னாள். இதைக் கேட்கத்தான் யாமினி ஒரு வருஷமாக அலைந்தாள். இப்போது அந்த அம்மாவின் தலைக்கு நேர் மேலே இருந்த ஆப்பிள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடிப்பதற்குள் டிக்கெட்டைப் பார்த்தாள். முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. யாரும் இழுக்கவில்லை. பிளவு அகல அகல, காகிதம் தானாகச் சரிந்துகொண்டிருந்தது.

எழுந்திருங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். டிபன் கொடுக்கப் போகிறார்களா என்று ஒரு பெண் கேட்டாள். இல்லையென்றதும் யாரும் அசையவில்லை. மைக்கைப் பிடுங்கிக் கத்தலாம். கத்தினால், பெரியவர்கள் மைக்கை வாங்கிக்கொண்டு, பாப்பா பயந்துடுச்சி என்று சிரித்துவிட்டு, பெண்களை மறுபடி உட்கார வைப்பார்கள்.

அப்போது அவளுக்கு ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. ‘பழைய மரத்துக்குத் தோஷம் கிடையாது’ என்பது தலைப்பு. திருப்பதியிலும் சித்தூரிலும் நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டதில், இடித்த கட்டிடத்து மரத்தைத் தன் வீட்டில் வைக்க மாட்டேன் என்று தொண்ணூறு பேர் சொல்லியிருந்தார்கள். அந்தத் தொண்ணூறு பேரின் மனசை மாற்றத்தான் இந்த நிழற்குடை. தொண்ணூறில் ஒருவர் கிரண்குமாராகவும் இருக்கலாம்.

தூரத்தில் சைரன் கேட்டது. அவள் கிரண்குமாரின் போன் இல்லாத காதுப்பக்கம் போனாள். குரல் நடுங்கியது. நடுக்கம் நிஜம், அதனால் சொன்னதும் நிஜம் மாதிரியே வந்தது.

“சார், ஒரு விஷயம். அப்புறம் சொல்லலையேன்னு திட்டக்கூடாது. இந்தத் தூலம் மூடின ரைஸ் மில்லோடது. அந்த முதலாளி மூணு எலெக்ஷன் நின்னார். மூணு தடவையும் நாமினேஷன்ல கையெழுத்து போட்டது இதே தூலத்துக்குக் கீழே உக்காந்து.”

“ஜெயிச்சாரா?”

“மூணு தடவையும் டெபாசிட் காலி சார்.”

அந்த மில் முதலாளி வாழ்க்கையில் எலெக்ஷனுக்காகச் செய்தது ஓட்டுப் போட்டது மட்டும்தான்.

கிரண்குமார் இரண்டு போன்களையும் ஒரே நேரத்தில் அணைத்தார். அண்ணாந்து தூலத்தைப் பார்த்தார். அதன் எடை இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த நாலு நிமிஷத்தில் மேடை, மைக், நாற்காலி, வெற்றிலைத் தட்டு, ரிப்பன் கத்தரிக்கோல், இருபத்தாறு பெண்கள், சடகோபன் எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடிக்குப் போய்விட்டன. இதே பெண்களை யாமினி கெஞ்சியும் நகர்த்த முடியவில்லை. கிரண்குமாரின் ஆட்கள் சொன்ன தோஷம் என்ற ஒரு வார்த்தைக்கு அவர்கள் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார்கள். மாலையை இறக்கட்டுமா என்று ஒருவர் கேட்டார். அந்தத் தூலத்தில் தொங்கின மாலையைச் சேர்மன் கழுத்திலா போடுவாய் என்று கிரண்குமார் அவரை அடிக்கப் போனார்.

புளியமரத்தடியில் கைத்தட்டல் எழுந்தது. சடகோபன் பழைய பொருள்களின் புனிதம் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆளில்லாத நிழற்குடையில் மாலை மட்டும் தொங்கியது. தூலம் இரண்டாம் தடவை முனகியது, இந்தத் தடவை நீளமாக.

கோவர்த்தனனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கயிறு கட்டியிருந்த தூண் ஓட்டுக்குக் கீழேதான் இருந்தது. உள்ளே போகாமல் அவிழ்க்க வழியில்லை.

“நீ நவுந்துக்கோ பாப்பா.”

“என் கணக்குண்ணா. நானும் வரேன்.”

முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவள் கயிற்றை இழுத்துப் பிடிக்க, அவர் உளியால் அறுத்தார். இழை இழையாக அறுந்தது. ஒவ்வொரு இழைக்கும் மேலே ஓடுகள் ஒன்றோடொன்று உரசிக் கடகடத்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நைனா தராசிலிருந்து உருளைகளை இறக்கியது மட்டும் தெரிந்தது. பிறகு கயிறு கையை எரித்துக்கொண்டு ஓடியது. இருநூற்று நாற்பது கிலோவும் தரையில் விழுந்து, மாதுளைகள் வெடித்துச் சிவப்பாகத் தெறித்தன. தூலம் ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து நிமிர்ந்தது. ஒட்டு வாயை மூடிக்கொண்டது, டிக்கெட்டைக் கடித்தபடி.

வியாழக்கிழமை ஜூரியில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்களா என்று மட்டும் கேட்டார். அவள் காலி பெஞ்சின் படத்தைக் காட்டினாள். பாஸ் போட்டார்கள். சடகோபனோ வாரியத்துக்கு இன்னும் பன்னிரண்டு நிழற்குடைகளுக்கு எழுதிப்போட்டுவிட்டார். புது மரம், பழைய தோற்றம். வரைபடம் போட யாமினியைத்தான் பிடித்தார்.

மூன்று வாரம் கழித்து அதைக் கொடுக்கச் சித்தூருக்குப் போகிற வழியில் அங்கே இறங்கினாள். கண்டக்டர் இப்போதெல்லாம் பஸ்ஸைப் புளியமரத்தடியில்தான் நிறுத்துகிறார். மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பதினைந்து பேர் மரத்தடியில் முந்தானையையும் பையையும் தலைக்குப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார்கள். எதிரே நிழற்குடை, ஒரு சொட்டு ஒழுகாமல், யாரும் இல்லாமல் இருந்தது. கோவர்த்தனன் நீளப் பட்டையும் எட்டு புது போல்ட்டும் போட்டு ஒட்டை இறுக்கியிருந்தார். இன்றைய கணக்குப்படி அது நானூறு கிலோ தாங்கும். அவளே இரண்டு தடவை போட்டுப் பார்த்த கணக்கு.

யாமினி ரோட்டைத் தாண்டிப் போய் நடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மரத்தடியிலிருந்து ஒரு அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அன்றைக்கு நிழல் நல்லா இருக்குது என்று சொன்னவள்தான். “பாப்பா, அங்க உக்காராத. அது ராசியில்லாத மரம். தெரியாதா உனுக்கு?”

ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாம் சும்மா சொல்றது, நீங்களும் வாங்க என்றாள் யாமினி.

அந்த அம்மா மழையில் நனைந்தபடியே அவள் கண் போன பக்கம் பார்த்தாள்.

“அப்ப எதுக்கு நீ மேலயே பாத்துகினு இருக்கற?”