ஊரிகம் போல்ட்

ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கி, மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் லைன் வீடுகள் பக்கம் திரும்பியதுமே டீனா நின்றுவிட்டாள். லூயிசா ஆன்ட்டி வீட்டுச் சுவரில் ஆள் தலை அளவுக்குக் கறுப்புப் பெயின்ட்டில் 30 என்று அடித்திருந்தது. அடுத்த வீட்டில் 31. அதற்கடுத்து 32.

அந்த 3 அவள் வரைந்தது. பெங்களூரில் அவள் வேலை செய்யும் டிசைன் கம்பெனி விற்கும் எழுத்துரு. பெயர் 'ஊரிகம் போல்ட்'. வட்டமும் நேர்கோடும் மட்டும்தான். எங்கும் மெலியாத தடித்த உடம்பு. சின்னதாக அச்சடித்தால் அடைத்துக்கொள்ளும். பெரிதாகப் போட்டால் தெருமுனையிலிருந்தே ஆளைக் கூப்பிடும். பார் போர்டிலும் ஷூ விளம்பரத்திலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவாள். போனைத் தள்ளிப் பிடித்து, நல்லா இருக்குது என்பார் அப்பா பர்னபாஸ். கண் சரியாகத் தெரியாத மனிதர்.

இந்தச் சுவரில் இருந்தது அதன் தகட்டு வடிவம். ஸ்ப்ரே அடிக்கத் தகட்டில் வெட்டும்போது பூஜ்யத்தின் வயிறு கழன்று விழாமலிருக்க இரண்டு பாலம் விட்டிருந்தாள். யாரோ நிலம் சம்பந்தப்பட்ட வாடிக்கையாளர், எண்கள் மட்டும் போதுமாம் என்று கூட வேலை செய்யும் பரத் சொன்னான். எங்கே, எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் 33க்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. பர்னபாஸ் சட்டை மாற்றி, முகம் மழித்து உட்கார்ந்திருந்தார். லூயிசா கேக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"வீடு நம்ம பேருக்கு வரப்போவுது டீனா," என்றார். "மைன்காரங்க நம்பர் போட்டுட்டாங்க."

சொன்னவர் யார் என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லையாம். அவரே கண்டுபிடித்ததாம். சட்டைக்குள்ளிருந்து பித்தளை டோக்கனை எடுத்தார். சுரங்கக் குழியான ஷாஃப்டில் இறங்குமுன் ஒவ்வொருவனும் பலகையிலிருந்து கழற்றிக்கொண்டு போய், மேலே வந்ததும் திரும்ப மாட்ட வேண்டிய டோக்கன். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். மைன் மூடிய பிறகும் இந்த ஒன்றை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

"தடவிப் பாரு. இதுல கீற மூணுதான் செவுத்துல கீது. மைன்காரன் தவிர எவன் போடுவான் இப்படி?"

லைனில் எல்லோரும் அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் சுரங்கத்தின் கேஜ் லிஃப்டில் ஏறி இறங்கியவர். அவர் சொன்னால் மறுபேச்சில்லை. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, ஆட்சேபணை இருப்பவர்கள் புதன்கிழமை ஆபீசுக்கு வரலாம் என்று கன்னடத்தில் சொல்லிப்போன அன்றும், வீணாக எதற்குப் போய் நிற்பது, நம் வேலை முடிந்துவிட்டது என்று தடுத்ததும் அவர்தான். ஒருவரும் போகவில்லை.

டீனா வெளியே போய்ப் பரத்துக்குப் போன் செய்தாள். லைன் நிலத்தை ஏலத்தில் எடுத்த ஒரு குடோன் கம்பெனி என்றான். இடிக்கிற வரிசைக்கு நம்பர். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறார்களாம்.

உள்ளே வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"டாடி, அது மைன் நம்பர் இல்ல. இடிக்கிற நம்பர்."

"போ. எழுத்து பொய் சொல்லுமா?"

"அந்த எழுத்து நான் போட்டது. உங்க டோக்கனைப் பார்த்துதான் வரைஞ்சேன்."

பர்னபாஸ் டோக்கனைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். லூயிசாதான் முதலில் எழுந்தாள். கேக் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"எழுத்து நல்லாத்தான் கீது டீனா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு லைன் முழுவதும் அந்த ஆபீஸ் அதிகாரியின் வீட்டு வாசலில் போய் நின்றது. ஆட்சேபணை சொல்லும் தேதி போய்விட்டது, புதன்கிழமை அன்றைக்கு ஒருவராவது வந்து சொல்லியிருந்தால் நிறுத்திவைத்திருக்கலாம் என்றார் அவர். திரும்பி வரும்போது பர்னபாஸுடன் யாரும் சேர்ந்து நடக்கவில்லை. அப்பாவுக்குப் பின்னால் டீனா நடந்தாள்.

திங்கட்கிழமை சாமான்களெல்லாம் ரோட்டில் கிடந்தன. இயந்திரம் 30ல் ஆரம்பித்தது. ஓட்டியவன் வடக்கத்திப் பையன். கதவு, ஜன்னல் எதையும் பார்க்கவில்லை, நம்பரை மட்டும் பார்த்தான். தூசிக்குள்ளும் அது பளிச்சென்று தெரிந்தது.

32 விழுந்தபோதுதான் அப்பா பக்கத்தில் இல்லை என்பது டீனாவுக்குத் தெரிந்தது. ஓடினாள். காலியான கூடத்தில், கட்டில் இருந்த இடத்தில், டோக்கனைக் கைக்குள் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"டோக்கன் என் கைல கீது," என்றார். "உள்ள ஆள் இருந்தா வெடி வைக்க மாட்டாங்க."

"அது அவனுக்குத் தெரியாது டாடி."

சுவர் அதிர்ந்து மேலிருந்து மண் கொட்டியது. அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு மகளின் தோளைப் பிடித்து எழுந்தார். வாசலில், வாடிப்போன சாமந்தி தொங்கிய ஆணியிலிருந்து மாலையைக் கழற்றிக் கீழே போட்டார். 33ஐ விரலால் ஒருமுறை தடவிவிட்டு, அதே ஆணியில் டோக்கனை மாட்டினார்.

டீனா அதை எடுக்கக் கை நீட்டினாள். அவர் தட்டிவிட்டார்.

"மேல வந்தவன் மாட்டிட்டுதான் போவணும்."

இருவரும் ரோட்டுக்கு வந்து லூயிசாவின் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அங்கே உட்கார்ந்திருந்த லூயிசா நகர்ந்து இடம் விடவில்லை. ஓட்டுகிற பையன் எட்டி நம்பரைப் பார்த்தான், இயந்திரத்தின் கையை இறக்கினான்.