வாடகைக்கு இருக்கிறவர்

உமாராணி கூடத்தை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். சோபாவுக்கு அடியிலும் கதவிடுக்கிலும் அண்ணன் அழகேசனின் உடம்பிலிருந்து உதிர்ந்த செதில்கள் கிடந்தன. தன்னைப் பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் ஒன்றுகூடப் படக்கூடாது.

அழகேசன் மலேசியாவின் கூலிம் நகரத்துப் பேக்டரி ஒன்றில் முலாம் பூசும் பிரிவில் வேலை பார்த்தவன். தங்கை காலேஜ் முடிக்கும்வரை ஓவர்டைம் ஒன்றைக்கூட விட்டதில்லை. அமிலத் தொட்டிகள் மேல் குனிந்து நின்றவனுக்குக் கைகளில் அரிப்பு வந்தது. பிறகு தோல் உரிந்து, முகம்வரை ஏறியது. அது அவன் உடம்புவாகு என்று கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதோடு வேலையும் போயிற்று. முன்பு நேப்பாளிப் பையன்கள் வாடகைக்கு இருந்த பின்னறைக்கு அவன் பாயைத் தள்ளினாள் அம்மா காளியம்மா. "மூத்தவன் சிங்கப்பூர்ல இருக்கான்" என்று அவள் தரகரிடம் சொன்னபோது, பக்கத்தில் இருந்த உமாராணி வாயைத் திறக்கவில்லை.

இன்று மாலைவரை கோயில் மண்டபத்தில் போய் இருந்துகொள்வதாக அழகேசனே சொல்லியிருந்தான். ஆனால் புக்கிட் செலம்பா ஊரிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் நேரத்தோடே வந்து வாசலில் காரை நிறுத்திவிட்டார்கள். பின்பக்கம் சுவர் எழுப்பியிருந்ததால் வெளியே போக வேறு வழியில்லை. அவன் பின்னறைக்குள் புகுந்துகொண்டான்.

கூடத்துச் சுவரில் அவன் படம் இருந்தது. மொழுமொழுவென்ற முகமும் நீலச் சட்டையுமாக, சிறந்த தொழிலாளி விருது வாங்கிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா யோகேஸ்வரிக்குப் பெண்ணைப் போலவே படமும் பிடித்துப்போயிற்று.

"இவர்தான் மூத்தவரா? ராஜா மாதிரி இருக்காரு. கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்துருவாருல்ல? அண்ணங்காரன் இல்லாம பொரி யாரு போடுறது?"

"வராம இருப்பானா சம்மந்தி? தங்கச்சின்னா அவனுக்கு உசுரு" என்றாள் காளியம்மா. அது மட்டும் பொய்யில்லை.

பலகாரம் சாப்பிட்டுவிட்டு யோகேஸ்வரி கை கழுவப் பின்பக்கம் போனாள். உமாராணி துண்டோடு பின்னாலேயே ஓடினாள். புழுக்கம் தாங்காமல் அழகேசன் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தான். கைலியும் பனியனுமாகப் பாயில் உட்கார்ந்திருந்தான்.

"ஐயோ, யாரும்மா இது?"

அண்ணன் என்று சொன்னால் போதும், முடிந்துவிடும். எல்லாமே முடிந்துவிடும்.

"வாடகைக்கு இருக்கிறவரு ஆன்ட்டி. பங்களாதேஷ்காரரு. பேக்டரில வேல."

யோகேஸ்வரி இரக்கமுள்ளவள். கதவருகே குனிந்து, சாப்பிட்டாயா என்று மலாயில் விசாரித்தாள்.

"சுடா மக்கான்?"

அழகேசன் தங்கையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சுடா, மக்சிக்" என்றான். சாப்பிட்டாயிற்று ஆன்ட்டி என்கிறான். காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உமாராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படித் திரும்பி வந்ததை நினைத்து அடுத்த கணமே உடம்பெல்லாம் கூசியது.

கூடத்துக்கு வந்ததும் யோகேஸ்வரி பேச்சைத் தொடங்கினாள். "பாவந்தான் சம்மந்தி. ஆனா தோல் வியாதிலா அது. கல்யாண வீட்ல வச்சிருக்காதீங்க. வேற ரூம் பாத்துக்கச் சொல்லிருங்க."

"சொல்லிடுறோம் சம்மந்தி" என்றாள் காளியம்மா, தரையைப் பார்த்தபடி.

அவர்கள் போனபிறகு உமாராணி தட்டு நிறையச் சோறு போட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அழகேசன் அறையைக் கூட்டிப் பாயைச் சுருட்டி வைத்திருந்தான். முழுக்கைச் சட்டை போட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தான்.

"எங்கண்ணே போற?"

"அந்தம்மா சொன்னது காதுல விழுந்துச்சு. எஸ்டேட்ல கூட்டாளி வீடு இருக்கு, பாத்துக்குறேன்."

"அப்ப பொரி யாரு போடுறது?"

இதையா கேட்க வந்தோம் என்று அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"சிங்கப்பூர்ல லீவு கெடைக்கலன்னு சொல்லிரு" என்றான் அழகேசன். குரலில் கோபமே இல்லை.

நேப்பாளிப் பையன்கள் போகும்போது செய்ததுபோல அறைச் சாவியை அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டுக் கூடத்தைக் கடந்து நடந்தான். உமாராணி சோற்றுத் தட்டோடு நின்றாள். வாசலில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, அவன் நடந்து வந்த இடத்தைக் காளியம்மா துடைக்க ஆரம்பித்தாள்.