நெற்றி மறைக்கும் கேமரா

ராஜ்கமல் மூன்று கேமராக்களைக் கடையின் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தான். ஒன்று கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு குட்டி. ஒன்று நடுத்தரம். மூன்றாவது, கொடுத்துவிட்டு வேறு மாற்றிக்கொள்ளலாமா என்று சாரதாமணி கொண்டு வந்தது, அவள் புருஷன் பூபாலனுடையது. அடியில் மாட்டிய பேட்டரிப் பிடியும் சேர்ந்து அம்மிக்கல் கனம் கனக்கும். அதற்கென்று ஒரு பெரிய பை வேறு. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அந்தப் பையை உட்கார வைத்துத்தான் வந்தாள். கண்டக்டர்கூட, "பைக்கும் ஒரு டிக்கெட் போடட்டுங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

"சின்னதப் பிடிச்சுப் பாருங்கக்கா. மூர்த்தி சிறுசுன்னாலும் கீர்த்தி பெருசு" என்றான் ராஜ்கமல். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து திருப்பூரில் கடை போட்டவன். பழமொழி இல்லாமல் ஒரு பேட்டரியைக்கூட விற்க மாட்டான்.

பிடித்துப் பார்த்தாள். மற்ற விரல்கள் உட்கார்ந்துவிட்டன, சுண்டு விரலுக்கு மட்டும் இடமில்லை. கீழே அந்தரத்தில் தொங்கியது.

"ஏனுங்க தம்பி, ஒருத்தரை மட்டும் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி இருக்குதுங்களே" என்றாள்.

ராஜ்கமல் சிரித்துக்கொண்டே நடுத்தரத்தை நீட்டினான். அது கைக்குள் வந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. சுண்டு விரல் முதற்கொண்டு எல்லா விரலும் அதனதன் இடத்தில் போய் அமர்ந்தன. ஆள்காட்டி விரல் தானாகப் பட்டன்மேல் விழுந்தது. பூபாலன் கேமராவில் அந்தப் பட்டனை எட்டுவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். இதன் பின்பக்கத் திரையை வெளியே இழுத்துச் சாய்த்துக்கொள்ளலாம், தலைக்குமேல் தூக்கிப் பிடித்தும் எடுக்கலாம். கைப்பைக்குள் சீப்போடு சீப்பாகக் கிடக்கும். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஏன் இந்தம்மா யோசிக்கிறது என்று ராஜ்கமலுக்குப் புரியவில்லை. அவனுக்கு எப்படிப் புரியும்? அவன் நெற்றியை யார் பார்க்கப் போகிறார்கள்!

பூபாலன் போய் ஒரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் சுற்றுவட்டாரக் கல்யாண மண்டபங்களில் இவர்கள் இரண்டு பேரும் ஓராள் மாதிரி. அவன் கேமராவோடு முன்னால் நிற்பான், இவள் பையோடு பின்னால். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவான். எந்த லென்ஸ் வேண்டும் என்று இவளுக்குத் தெரியும். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிற நாளிலும் அந்தக் கை நீளும், இவளும் முறைத்துக்கொண்டே வைப்பாள்.

இப்போது வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்கு டீ-சர்ட் படம் எடுக்கிறாள். தலையும் கையும் இல்லாத பொம்மைக்கு மாட்ட வேண்டும், எடுக்க வேண்டும், கழற்றி அடுத்ததை மாட்ட வேண்டும். நாள் முழுக்க எடுத்தாலும் ஒரு முகம் கிடையாது. "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்ல ஆளில்லாமல் வாயே துருப்பிடித்துவிட்டது. ஒருநாள் பொம்மையிடமே சொல்லிப் பார்த்தாள். சொல்லிவிட்டு யாராவது கேட்டார்களோ என்று கூச்சத்தோடு திரும்பினாள். கேட்கவும் யாருமில்லை. அந்தத் தனிமை பகையாளிக்கும் வர வேண்டாம்.

அதே கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் அபிராமிதான் வந்து, "என்ற கல்யாணத்துக்கு நீங்கதான்க்கா எடுக்கோணும்" என்றாள். இந்த ஒரு கல்யாணத்தை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள். தாலி கட்டுகிற படம் தவறிப் போனால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள், ஆயுசுக்கும் அந்தப் பொம்மைதான்.

ஆனால் புருஷனை இழந்தவள் மணவறைப் பக்கம் நிற்கக் கூடாது. கண்டெய்னர் கண்டெய்னராக வெளிநாட்டுக்குப் பனியன் அனுப்புகிற ஊர்தான். முகூர்த்த நேரம் வந்துவிட்டால் மட்டும் பாட்டன் பூட்டன் காலத்துக்குப் போய்விடும். ஒட்டுப்பொட்டு வைத்துக்கொண்டு போனால் என்ன என்று கண்ணாடி முன்னால் வைத்தும் பார்த்தாள். பாதி மண்டபத்துக்குப் பூபாலனைத் தெரியும். பொட்டு வைத்தால் அதற்கு ஒரு பேச்சு வரும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பூபாலன் கேமராவைக் கண்ணில் வைத்தால் மூக்கிலிருந்து தலைமயிர் வரைக்கும் மறைந்துவிடும். சனங்கள் கேமராவைத்தான் பார்ப்பார்கள், வழியும் விடுவார்கள். நடுத்தரமோ பாதி நெற்றியைக்கூட மறைக்காது. முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் இருக்கும்போது இவள் நெற்றியைக் கேமராவில் மறைக்கப் பார்த்தாள்.

"பெருசே இருக்கட்டுங்க தம்பி."

"மணிக்கட்டு போயிரும்க்கா" என்ற ராஜ்கமல், விடாமல் நடுத்தரத்தையும் அவள் பைக்குள் வைத்தான். "கல்யாணத்துக்கு வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

கல்யாணம் மடத்துக்குளத்தில். அபிராமி மணவறைக்கு வந்த நேரத்திலிருந்து சாரதாமணி கேமராவைக் கண்ணைவிட்டு எடுக்கவில்லை. "தள்ளுங்க, போட்டோக்காரங்களுக்கு வழி விடுங்க" என்று ஆட்களே ஒதுங்கினார்கள். கணக்கு பலித்துவிட்டது. நடுவில் ஒரு லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. கேமராவை இறக்காமலே கையைப் பின்னால் நீட்டிவிட்டாள். கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. கையை இழுத்துக்கொண்டு, இருக்கிற லென்ஸிலேயே எடுத்தாள்.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டு முடிப்பதற்குள் மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கேமராவை நெஞ்சுக்கு இறக்கினாள்.

எதிரில் நின்ற அபிராமியின் பெரியம்மா சின்னாத்தாள் அந்த நேரம் பார்த்துத் திரும்பினாள். நெற்றியைப் பார்த்தாள், ஆளைத் தெரிந்துகொண்டாள். கிட்டே வந்து முழங்கையைத் தொட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. தாலி கட்டற நேரமுங்க. செத்த கீழ நின்னுக்கோங்க, சாமி."

கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. இத்தனை மரியாதையாகச் சொன்னால் பதிலுக்குச் சண்டை போடக்கூட வழியில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால் தேவலை. "சரீங்க" என்று இறங்கினாள்.

கீழே முழுக்க முதுகுகள், அதற்குமேல் செல்போன்கள். பெரிய கேமராவைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தில் அவள் தோளுக்குமேல் ஏறவில்லை. மேளம் வேகம் பிடித்தது. கழுத்திலிருந்து அதைக் கழற்றிப் பைக்குள் இறக்கிவிட்டு நடுத்தரத்தை உருவினாள். திரையைச் சாய்த்து, ஒற்றைக் கையால் எல்லார் தலைக்கும் மேலே பிடித்தாள். கெட்டிமேளம் கொட்டியது. விரல் தானாகப் பட்டன்மேல் விழுந்தது. முடிச்சு விழுந்த படம் சுத்தமாகக் கிடைத்துவிட்டது.

முகம் இப்போது திறந்து கிடந்தது. யார் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். யாருமே பார்க்கவில்லை. பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்றவர்கூடத் திரும்பவில்லை. சின்னாத்தாள் ஒருத்தியைத் தவிர இந்த மண்டபத்தில் இவள் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

மணவறையில் அபிராமி நிமிர்ந்தாள். சாரதாமணி நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். காலியாக இருந்தது. கண்கள் கூட்டத்துக்குள் இறங்கித் தேடின, கண்டுபிடித்தன. வாய் கொள்ளாமல் சிரித்தாள். சாரதாமணி இன்னொரு தடவை பட்டனை அழுத்தினாள்.

கல்யாணம் கழிந்து கடைக்குப் போனபோது ராஜ்கமல் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான்.

"தாலிப் படம் அருமைக்கா. ஆனா இந்தச் சிரிக்கிற படத்துல பொண்ணு லென்ஸைப் பாக்கலயே? கண்ணு கீழ போகுது பாருங்க. அழிச்சிருவமா?"

"வேண்டாங்க தம்பி."

"எதைத்தான் பாக்குது?"

"என்னையத்தானுங்க" என்றாள் சாரதாமணி. அபிராமியின் சிநேகிதி ஒருத்தி தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று அப்புறம் சொன்னாள். பெரிய கேமராவை மேசைமேல் வைத்து, பையோடு அவன் பக்கம் நகர்த்தினாள். பூபாலன் கை பட்டுப் பட்டு ரப்பர் வழவழத்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

வீரபாண்டி பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புதுக் கேமரா கைப்பைக்குள் இருக்க, கைப்பை மடியிலேயே அடங்கிவிட்டது. அவள் இறங்குகிற வரைக்கும் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.