வெயில் இருந்த இடம்

கார் வாங்கும்போதே தலையில் அடித்துக்கொண்டேன். கூரையில் சோலார் தகடு பதித்த மின்சாரக் கார்தான் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் யசுமிச்சி ஒற்றைக்காலில் நின்றார். எங்கள் பள்ளத்தாக்கிலோ பாதி நாள் மலை நிழல், மீதி நாள் மழை.

"நாள் பூரா வெயில்ல நின்னா, கடைக்குப் போய்ட்டு வர்ற அளவுக்கு ஏறும், டோக்கியே."

"அந்தக் கடைக்கு நான் நடந்தே போய்டுவேன்."

ஊரே அவரை 'வெயில் வண்டிக்காரர்' என்று கேலி செய்தது. அதிகம் சிரித்தவன் பெட்ரோல் பங்க் நடத்தும் நகாசே.

அப்புறம்தான் அந்தப் புயல் வந்தது. ராத்திரியே கரண்ட் போய்விட்டது, கீழே ரோடும் சரிந்துவிட்டது. போனும் செத்துவிட்டது. அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடுதான் இருப்பார். ஆக்சிஜன் தரும் மெஷின் கரண்டில் ஓடுவது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரும் விடிவதற்குள் காலி. அவரைக் காரில் உட்காரவைத்து, மெஷினையும் உள்ளே தூக்கி வைத்து, அங்கிருந்த பிளக்கில் சொருகினேன். திரையில் பேட்டரி நான்கு சதவீதம் என்றது.

"புயலுக்கு முன்னாடி சார்ஜ் போடுங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"மேல தகடு இருக்கேன்னு..." மூச்சு வாங்கியது. அறையலாம் போல வந்தது. அறைய முடியுமா அந்த மனுஷனை?

புயல் போன மறுநாள் எப்போதும் போல வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆனால் எங்கள் வாசலில் தேவதாரு நிழல். வெயில் விழுந்த ஒரே இடம், மலையடியில் பஸ் திரும்பும் திடல். அந்த மலைச்சரிவோ ராத்திரியே வாய் பிளந்திருந்தது. பிளவிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்தது, சின்னக் கற்கள் உருண்டு வந்தன. கல் உருண்டால் ஓடு என்று எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுப்பார்கள்.

நான் அங்கேதான் காரை ஓட்டிப்போய் நிறுத்தினேன்.

திரையில் பேட்டரி எண் மூன்றுக்கு இறங்கி அங்கேயே நின்றது. மெஷின் புஸ் புஸ்ஸென்று ஓடியது. தகடு கொடுப்பதை அது அப்படியே தின்றது. டக்கென்று ஒரு கல் பானெட்டில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

எதிர்மலையின் நிழல் காரை நோக்கி நகர்ந்தது. நிழல் தொட்டால் நான் காரை முன்னால் நகர்த்துவேன். முன்னால் என்றால் சரிவுக்குக் கிட்டே.

"நீ இறங்கி ஓடு."

"சும்மா இருங்க. பேசினா மூச்சுதான் வீணாகும்."

"பிடிவாதக்காரி."

"யாரு யாரைச் சொல்றது!"

கடைசியாக வெயில் மிச்சமிருந்தது, சாய்ந்து தொங்கிய ஒரு மரத்தின் அடியில் மட்டும்தான். அங்கே போக எனக்குத் துணிச்சல் இல்லை. நிழலிலேயே உட்கார்ந்திருந்தேன். எண் இரண்டானது, ஒன்றானது. அவர் உதடு நீலம் பூத்திருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். வேண்டாமாம். அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, காரை மரத்தடிக்கு நகர்த்தினேன்.

மேலே வேர் முறியும் சத்தம் தெளிவாகக் கேட்டது. எண் மட்டும் ஒன்றிலேயே நின்றது. நான் அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ, பழைய ஒற்றையடிப் பாதை வழியாக ஊர்த் தீயணைப்புக் குழு வந்தது. முதுகில் சிலிண்டரோடு முன்னால் ஓடி வந்தவன் நகாசே.

"அறிவிருக்கா உங்களுக்கு? மலை விழப்போற இடத்துலயா கொண்டாந்து நிறுத்துவீங்க?"

யசுமிச்சிதான் குழாயோடு முனகினார்: "வெயில் வேற எங்கயும் இல்லியே, தம்பி."

நகாசே கூரையைப் பார்த்தான், அப்புறம் மரத்தைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிலிண்டரை மாட்டி அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நீங்களும் இறங்குங்கக்கா, சீக்கிரம்!"

இறங்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் விரல்களை நகாசேதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.