சிவப்பு மைக் கோடு

சனிக்கிழமை மத்தியானம் ஜெயபாய் ஈரத் தலையோடு வீட்டுக்குள் வந்து, "நான் முழுக்கு எடுத்துட்டேன்" என்று சொன்னபோது பாஸ்டர் ஜான்ரோஸ் மறுநாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"எங்க வச்சு?"

"பேச்சிப்பாறை டேமுக்க கரையில. ஜெபவீட்டுக்காரங்க கூட."

"யாராவது பாத்தாவளா?"

இருபத்தாறு வருடம் கூடவே வாழ்ந்தவள் இப்படியொரு காரியத்தைச் செய்துவிட்டு வந்து நிற்கிறாள். மனுஷன் வாயில் முதலில் வந்த கேள்வியைப் பாருங்கள்! ஜெயபாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தாவளாவா? பாட்டுப் பாடி, கைதட்டி, வீடியோவும் எடுத்தாவ. இந்நேரம் ஸ்டேட்டஸ்ல போட்டிருப்பாவ."

போச்சு என்று நினைத்துக்கொண்டார் ஜான்ரோஸ். அவருடையது மிஷனரிகள் காலத்துச் சபை. அங்கே கைக்குழந்தையிலேயே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். வளர்ந்த பிறகு ஜெபவீடு நடத்தும் பெந்தெகொஸ்தேக்காரர்களிடம் போய் தண்ணீரில் முழுகி இரண்டாவது தடவை எடுத்தால், சபைப் புத்தகத்தில் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடமும் கிடையாது.

"ஒனக்கு என்னட்டி குறை? ஏன் இப்படிச் செஞ்ச?"

"ஒரு குறையும் இல்ல. பிறந்து நாப்பதாம் நாளு எனக்க தலையில தண்ணி தெளிச்சாவ, நான் அழுது கரஞ்சிட்டுக் கிடந்தேன். பதினெட்டு வயசில விசுவாசத்த உறுதி சொல்லச் சொல்லி திடப்படுத்தலுக்கு நிறுத்துனாவ, மனப்பாடம் பண்ணுனத ஒப்பிச்சேன். பிறகு பாஸ்டரம்மா ஆயாச்சு. ஒரு தடவையாவது நானாட்டு, எனக்க வாயால, விசுவாசிக்கேன்னு சொல்லண்டாமா? சொன்னேன். அதுக்காக நான் எங்கயும் போகல்ல. நம்ம கோயிலு எனக்கு வேணும்."

அந்தக் கடைசி வார்த்தை ஜான்ரோஸின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இதை அவர் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெஸ்பின் இதே வீட்டு வாசலில் நின்று அதைத்தான் சொன்னாள். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவள். ஜெபவீட்டுக்குப் போன பிறகு அவள் புருஷன் குடியை விட்டான். அந்த நன்றியில் இரண்டு பேரும் முழுகிவிட்டார்கள். அவன் அங்கேயே இருந்துகொண்டான். ஜெஸ்பின் மட்டும், "எனக்க அப்பனும் அம்மையும் இந்தக் கோயில் கல்லறையிலதான் கிடக்காவ, பேர அடிச்சிராதிய பாஸ்டரே" என்று அழுதாள். சட்டம் சட்டம்தான் என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் ஸ்கேல் வைத்து அடித்தார் ஜான்ரோஸ். அடுத்த ஞாயிறு மந்தைக்கு வேலி ஏன் வேண்டும் என்று ஒரு பிரசங்கம் வேறு. கொள்ளாம் பாஸ்டரே, கொள்ளாம் என்று வாசலில் எல்லாரும் கை குலுக்கினார்கள். கடைசி பெஞ்சில் இருந்து ஜெஸ்பினும் அதைக் கேட்டாள். இன்று வரைக்கும் ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறாள். மாதத்துக்கு ஒரு தடவை வரும் திருவிருந்து நேரத்தில் மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள்.

சாயங்காலமே சபைக் கமிட்டி கூடியது. வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று. செயலாளர் ரசலையன், ஓய்வுபெற்ற வாத்தியார், தொண்டையைச் செருமினார்.

"பாஸ்டரே, ஒண்ணும் பயந்து வெப்ராளப்படாதிய. அம்மா டேமுல குளிக்கப் போனாவன்னு வச்சுக்கிடுவோம்."

கமிட்டி முழுக்கச் சிரித்தது. ஜான்ரோஸுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. ஓய்வுபெற இன்னும் இரண்டே வருடம். இந்த நேரத்தில் மேலிடமான பேராயத்தில் போய்க் கைகட்டி நிற்கவா முடியும்? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பம் ஜெஸ்பினும் குளிக்கத்தானே போனா?"

"நல்லா கேட்டிய! அவளும் அம்மாவும் ஒண்ணா?"

ரசலையன் சொன்னதற்கு மற்றவர்கள் தலையாட்டினார்கள். தெருவில் நடக்கக்கூடாது, தோளில் துணி போடக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்த ஜனங்கள் கல் சுமந்து கட்டிய கோயில் அது. இங்கே இருந்த பன்னிரண்டு பேரும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். ஜான்ரோஸுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. உடனே தன் மேல் அதைவிடக் கோபம் வந்தது. ஸ்கேல் பிடித்த கை இவருடையதுதானே.

"ரெண்டு பேரையும் சேக்கணும், இல்லேன்னா ரெண்டு பேரையும் அடிக்கணும்."

"ஒருத்திக்குத் தெறந்தா பேரு அடிச்ச ஒம்பது குடும்பம் வந்து நிக்கும் பாஸ்டரே. அது நடக்காது."

ஜான்ரோஸ் சபைப் புத்தகத்தை இழுத்தார். பேனாவை எடுத்தார். ரசலையன் "ஐயோ, என்ன செய்யுதிய?" என்று பதறுவதற்குள் ஜெயபாய் பெயரின் மேல் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. இந்தத் தடவை ஸ்கேல் இல்லை. கோடு கோணலாகப் போனது.

வீட்டில் வந்து சொன்னார்.

"செரி," என்றாள் ஜெயபாய். "நாளைக்கு நான் எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் முன்வரிசைக்கு வரவில்லை. கடைசி பெஞ்சில் ஜெஸ்பின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கோயிலே திரும்பித் திரும்பிப் பார்த்தது. திருவிருந்துக்கு ஒவ்வொரு வரிசையாக வந்து முழங்கால்படியிட்டு வாங்கிப் போனார்கள். எல்லாரும் முடிந்ததும் ஜான்ரோஸ் தட்டையும் பாத்திரத்தையும் மூடி வைக்கவில்லை. எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ரசலையன் பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனி பேராயத்துக்குப் புகார் போவது நிச்சயம். ஆனாலும் கடைசி பெஞ்சை நோக்கி நடந்தார்.

முதலில் ஜெஸ்பின் முன்னால் நின்றார். ரப்பர்பால் ஒட்டிக் கறுத்த விரல்களை அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பேரில்லையே பாஸ்டரே."

"தெரியும் மக்கா. அடிச்சது நான்தானே."

"ரெண்டு வருசமாட்டு நான் இதே பெஞ்சிலதான் இருக்கேன்." அவள் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "இண்ணைக்கு அம்மா இங்க இருக்கதுனாலதானே வந்திய?"

ஜெயபாய் தலையைக் குனிந்துகொண்டாள். ஜான்ரோஸ் வாயில் வசனங்களுக்கா பஞ்சம்? முப்பது வருடப் பிரசங்கம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒன்றும் உதவவில்லை. கண் கலங்கிவிட்டது.

"ஆமா," என்றார்.

ஜெஸ்பின் முந்தானையை விலக்கினாள்.

"அடுத்த மாசம் அம்மா ஊருக்குப் போயிருந்தாலும் வரணும், கேட்டியளா?" என்றபடி கையை நீட்டினாள்.