ஃபெயில்ட் மேரேஜுக்கு ஓர் எடுத்துக்காட்டு

1.
இந்தக் கதை கற்பனையில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. பிறந்தது என் பிழைப்பில். ஆங்கிலம் கற்றுத்தரும் செயலி ஒன்றுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எழுதுகிறேன். சேர்ந்தே வரும் இரண்டு சொற்களைக் கொடுப்பார்கள். அவை எப்படிப் புழங்குகின்றன என்று நான் காட்ட வேண்டும். “எங்கேயும் காப்பியடிக்காதீங்க. உங்க வீட்டைச் சுத்திப் பாருங்க, வாக்கியம் தானா வரும்” என்பது எடிட்டர் அம்மாவின் சட்டம்.

போன மாதம் வந்த ஜோடி, ஃபெயில்ட் மேரேஜ். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

2.
கணவனை விட்டு வந்த அக்கா என் வீட்டில் அடைக்கலமாக

(இதை அடித்துவிட்டேன். காரணம் பிறகு.)

முதலில் அந்த ஜோடியைப் பற்றி. கல்யாணம் செய்துகொண்டவர்கள் இரண்டு பேர். ஆனால் நான் பார்த்த வாக்கியங்களில் பெரும்பாலும் அவள்தான் வருகிறாள். அவன் எங்கேயோ கழன்றுகொள்கிறான். பிறகு அவள் ஊர் மாறுகிறாள், இல்லை யார் வீட்டுக்காவது போய்ச் சேருகிறாள். நானும் செக்குமாடு மாதிரி அதே தடத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

3.
அக்காவுக்கு ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசை வேலைக்கு நேர்முகம். அதற்கு என் செயலியில்தான் படிக்கிறாள். தம்பி எழுதியது என்று சிநேகிதிகளிடம் பெருமை வேறு. இயந்திரக் குரல் சொல்வதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். உச்சரிப்பு சரியாக இருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் திரும்ப அதேதான்.

உள் அறையில் இருந்தேன். ஹாலில் குரல் ஒலித்தது: “ஆஃப்டர் ஹர் ஃபெயில்ட் மேரேஜ், ஷி மூவ்ட் இன் வித் ஹர் பிரதர்.” கல்யாணம் முறிந்தபின் அவள் தம்பி வீட்டுக்குக் குடிவந்தாள்.

அக்கா திருப்பிச் சொன்னாள். இயந்திரம் ஏற்கவில்லை. மறுபடி சொன்னாள். ஏற்கவில்லை. மூன்றாம் முறை ‘ஃபெயில்ட்’டை அழுத்தி, வாய் நிறையச் சொன்னாள். ஏற்றுக்கொண்டது.



கதவருகே வந்து நின்றாள். “இது நீ எழுதினதாடா?”

“சும்மா ஒரு உதாரணம்க்கா.”

“ஃபெயில்ட்னு போட்டிருக்கே. இருக்கட்டும், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா யாரு வீட்டுக்கு யாருடா வந்தது?”

4.
வீடு அக்காவுடையது. கல்யாணத்தை விட்டு வந்து அவளே பிடித்த வீடு. எழுத்துதான் இனி என் தொழில் என்று வேலையை உதறிவிட்டு, வாடகைக்கு வழியில்லாமல், பெட்டியோடு அவள் வாசலில் நின்றவன் நான். உள் அறையை எனக்கு விட்டுக்கொடுத்து அவள் ஹாலில் படுக்கிறாள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அதை நான் ஆங்கிலத்தில் செய்தேன்.

“மாத்திடுடா. தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான்னு போடு. இண்டர்வியூல யாரோட இருக்கீங்கன்னு கேட்டா, தடுமாறாம சொல்ல எனக்கு ஒரு உண்மையான வாக்கியம் வேணும்” என்றாள்.

எடிட்டர் அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். அனுப்பவில்லை. “அக்காவை வெச்சுக் காப்பாத்துறீங்களே, தங்கமான மனசு” என்பார் அவர். ஒருமுறைகூட நான் மறுத்ததில்லை.

5.
முடிவு, முதல் வரைவு: வாக்கியத்தை மாற்றினேன், அக்காவுக்கு வேலை கிடைத்தது. வாசிக்க நன்றாக இருக்கிறது, நடக்கத்தான் இல்லை.

இரண்டாவது: அக்கா என்னை வெளியே போகச் சொன்னாள். எழுதியதும் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் இன்று காலையும் அவள் கதவைத் தட்டி, “சாப்ட்டியாடா?” என்றுதான் கேட்டாள்.

(இங்கே உண்மையைச் சொல்லிவிட்டாயே, போதாதா என்கிறது மனது. அக்கா கதை படிக்கிறவள் இல்லை. அது தெரிந்துதான் இங்கே சொல்கிறேன். வெட்கங்கெட்டவன்.)

நாளை நேர்முகம். இதோ, ஹாலில் செயலியைத் திறக்கிறாள்.

“மாத்திட்டியாடா?”

“ம்” என்றேன்.

இயந்திரக் குரல் தொடங்குகிறது: “ஆஃப்டர் ஹர்…”

மிச்சத்தை நீங்கள் கேளுங்கள். நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.